காவலும் உரிமையும்: வானூர்தி நிலைய வாயிலில் தமிழர்

(திருவரங்கத்தில் தமிழன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'காவலும் உரிமையும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதைக் கேட்டவுடன், துலாக்கோலின் ஒரு தட்டில் காவலும் மறு தட்டில் உரிமையும் வைக்கப்பட்டிருப்பதாகவும், ஒன்று தாழ்ந்தாலன்றி மற்றொன்று உயராது என்பதாகவும் நம்மிற் பலர் எண்ணக்கூடும். ஆள்வோரும் அவ்வாறே சொல்லி வருகின்றனர். 'உயிர் வேண்டுமா, உரிமை வேண்டுமா?' என்று நம்மைக் கேட்கின்றனர். அவ் வினாவே பிழையானது என்று காட்டுவதற்காகவே நான் இங்கு நிற்கிறேன். முறையான காவல் உரிமைக்குப் பகையன்று. அது உரிமையின் வேலி. ஆனால் காவல் முறையான காவலாவதற்கு ஒரு கட்டாயத் தேவை உண்டு. காப்பவன் சொல்வது காக்கப்படுபவனுக்குப் புரிய வேண்டும். புரியாத மொழியில் நடக்கும் காவல், காவலாகாது, அது ஏவல்.

'கா' என்னும் ஓரெழுத்துச் சொல்லை எண்ணிப் பாருங்கள். காவல், காவலன், காப்பு, காப்பகம் எல்லாம் அதன் வழிவந்தவை. மரஞ்செறிந்து காக்கப்படும் சோலைக்கும் கா என்றே பெயர். இங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள திருவானைக்காவின் ஈற்றில் நிற்பதும் அக் காவே. சோலைக்கு வேலி எதற்கு? மரம் அச்சமின்றி வளர்வதற்கு. வேலியே மரத்தை நெருக்கிக் கிளையை முறிக்குமானால் அதனை வேலி என்று யாரும் சொல்லார். தமிழன் காவலுக்கு வைத்த பெயரிலேயே காவலின் எல்லையும் அடங்கியிருக்கிறது.

உறையூர் கற்பித்த பாடம்

இக் கருத்துக்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. காவிரியைக் கடந்தால் உறையூர். இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாகிவிட்ட அவ்வூர், அன்று சோழர் தலைநகர். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்து நின்ற காலத்தில், நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்தான் இளந்தத்தன் என்னும் புலவன். பகைவன் பக்கமிருந்து வந்தவன் ஆதலால், இவன் ஒற்றன் என்று ஐயுற்றான் நெடுங்கிள்ளி. கொல்லவும் துணிந்தான். அவ்வேளையில் கோவூர்கிழார் இடைப்புகுந்து, பரிசில் தேடிப் பல நாடு கடந்து, பெற்றதைச் சுற்றத்தோடு பகிர்ந்துண்டு வாழும் புலவர் வாழ்வு எவர்க்கும் தீங்கு செய்யாதது என்று எடுத்துரைத்து அவ்வுயிரை மீட்டார். புறநானூற்றின் 47ஆம் பாட்டு எழுந்த சூழல் இது.

நெடுங்கிள்ளியின் ஐயம் அடியோடு அடிப்படையற்றது என்று நான் சொல்ல மாட்டேன். போர்க்காலம், பகைவன் ஊரிலிருந்து வந்தவன், எந்த அரசனும் ஐயுறத்தான் செய்வான். ஆனால் ஐயம் வேறு, குற்றம் வேறு. ஐயத்துக்கும் வாளுக்கும் இடையே ஒரு சொல் நுழைய இடம் இருந்தது. அச் சொல் அரசனுக்குப் புரிந்தது. ஐயுற்றவனும் ஐயுறப்பட்டவனும் இடைநின்று பேசியவரும் ஒரே தமிழைப் பேசினர். அதனால் ஓர் உயிர் தப்பியது.

இதற்கு எதிரான நிகழ்ச்சியைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. கோவலனைக் கொல்ல வந்த காவலர், அவன் தோற்றத்தைப் பார்த்து, இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்குகின்றனர். பொற்கொல்லனோ கள்வர்க்குரிய கருவிகளையும் தந்திரங்களையும் வரிசையாக அடுக்கி, அவர்தம் மனத்தைத் திரிக்கிறான். ஒருவர் முகத்தைப் பார்த்து ஒன்று சொல்கிறார்; மற்றவர் முகத்தைப் பார்த்து வேறொன்று சொல்கிறார். கையிலிருந்த சிலம்பை ஆய்ந்து பார்த்தவர் ஒருவரும் இலர். உள்ளிருப்பது மாணிக்கமா முத்தா என்று பார்க்கச் சிலம்பு உடைபட்டது அவன் இறந்த பின்னரே.

இங்கேதான் நாம் நுணுகி நோக்க வேண்டும். பாண்டியன் செய்த பிழை ஆய்வு செய்ததன்று, ஆய்வு செய்யாமையே. முறையான ஆய்வு குற்றமற்றவனுக்குப் பகையன்று, துணை. ஆகவே வானூர்தி நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பதையோ, உடலைத் தடவிப் பார்ப்பதையோ நாம் எதிர்க்கவில்லை. முகத்தை ஆய்வதை விடுத்துப் பொருளை ஆய்க. வாய் திறந்து, புரியும் மொழியில் கேட்டு ஆய்க. நாம் கேட்பது இவ்வளவே.

காவல் ஏன் வந்தது?

வானூர்திக் காவல் யாருடைய விளையாட்டுக்காகவும் வந்ததன்று. 1976 செப்டம்பர் 10 அன்று தில்லியிலிருந்து புறப்பட்ட இந்திய வானூர்தி ஒன்று கடத்தப்பட்டு இலாகூரில் இறக்கப்பட்டது. அதன் விளைவாக 1978 சனவரியில் வானூர்திக் காவலுக்கென ஒரு தனிப்பிரிவு தோற்றுவிக்கப்பட்டது. 1984 ஆகத்து 2 அன்று சென்னை மீனம்பாக்கத்தில் பெட்டிகளுள் இருந்த வெடிமருந்து வெடித்து 30 பேருக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1985 சூன் 23 அன்று 'கனிசுகா' வானூர்தி அத்துலாந்தியக் கடலின் மேல் வெடித்துச் சிதறி 329 உயிர்கள் மாய்ந்தன. 1987 ஏப்பிரல் 1 முதல் அக் காவற்பிரிவு தனித்துறையாயிற்று. 1999 திசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து தில்லிக்குப் புறப்பட்ட வானூர்தி கடத்தப்பட்டுக் காந்தகாரில் போய் நின்றது. அதன்பின், 2000 பிப்பிரவரி 3 அன்று செய்ப்பூரில் தொடங்கி, வானூர்தி நிலையங்களின் காவற்பொறுப்பு நடுவண் தொழிலகக் காப்புப் படையின் கைக்கு மாறத் தொடங்கியது. மக்கள் சி.ஐ.எசு.எப். என்று சுட்டும் படை இதுவே.

இவ் வரலாற்றில் ஒன்றைக் குறித்துக் கொள்ளுங்கள். கனிசுகாவை வீழ்த்தியது, உடையவன் ஏறாமல் பை மட்டும் ஏறிய பிழை. பையை ஊடுகதிர் கொண்டு பார்க்க வேண்டிய பொறி அன்று தொரன்றோவில் பழுதுற்றிருந்தது. பயணிகளில் யாருக்கேனும் இழிவு நேராமையால் அவ்வூர்தி வீழவில்லை. பையை ஒழுங்காகப் பாராமையால் வீழ்ந்தது. காவலின் கண் பொருளின்மேலும் ஒழுங்கின்மேலும் இருக்க வேண்டும் என்பதே 329 பேரின் சாவு கற்பித்த பாடம். ஏழை உழைப்பாளியை அதட்டுவதால் எந்த வெடிமருந்தும் வெளிப்பட்டுவிடாது.

இரண்டு வாயில்கள்

அன்பர்களே, இப்போது உங்கள் கண்முன் இரண்டு வாயில்களை நிறுத்துகிறேன்.

ஒன்று, நம் திருவரங்கக் கோயில் வாயில். ஏழு மதில்களும் 21 கோபுரங்களும் சூழ்ந்த இக் கோயிலுக்குக் காவல் தேவையில்லை என்று இவ்வூரார் ஒருவரும் சொல்லார். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடபுலப் படைகள் வந்து சூறையாடியதும், திருமேனி ஊரூராய்ச் சுமந்து செல்லப்பட்டு 1371இல் மீண்டு வந்ததும் நம் குழந்தைகளும் அறிந்த செய்தி. இன்று அவ் வாயிலிலும் மாழை கண்டால் ஒலியெழுப்பும் அறிவிப்பொறி நிற்கிறது; காவலர் நிற்கின்றனர்; மார்கழியில் பரமபத வாயில் திறக்கும் நாளில் இன்னும் பலர் நிற்கின்றனர். 2022 திசம்பரில் சென்னை உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை இட்ட ஆணைக்குப் பின் கோயில்களில் கைப்பேசிக்கும் தடை வந்தது. இவ்வளவுக்கும் நம் தாய்மார்கள் முகஞ்சுளிக்கவில்லையே, ஏன்? 'அம்மா, பையைக் கொஞ்சம் திறந்து காட்டுங்கம்மா' என்கிறாள் காவற்பெண். 'உள்ளே விபூதிப் பையும் வெற்றிலையுந்தான் தாயே' என்கிறாள் மூதாட்டி. ஆய்வு முடிந்தது. யாருடைய உரிமை குறைந்தது? யாருடைய பெருமை சிதைந்தது?

மற்றொன்று, நம் திருச்சிராப்பள்ளிப் பன்னாட்டு வானூர்தி நிலைய வாயில். 1,100 கோடி உருபாவுக்கு மேல் செலவிட்டுக் கட்டி, 2024 சனவரி 2 அன்று தலைமையமைச்சர் திறந்து வைத்து, அவ்வாண்டு சூன் 11 முதல் இயங்கிவரும் புதிய முனையம் அது. ஆண்டுக்கு 44 இலக்கம் பயணியரைத் தாங்கவல்லது. முகப்பில் நம் திருவரங்கக் கோபுரத்தின் சாயல். சுவரெங்கும் தமிழகக் கோயிற்கலை. பார்ப்பதற்கு அழகாயிருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டடம் தமிழுடை உடுத்தினால் போதுமா? அதன் வாய் தமிழ் பேச வேண்டாவா? கோபுரத்தைக் கல்லாகவும் வண்ணமாகவும் கொண்டுவந்து நிறுத்தியவர்கள், அக் கோபுரத்தின் கீழ் வழங்கும் மொழியையும் உடன் கொண்டுவந்து நிறுத்துவதுதானே முறை?

அவ் வாயில் வழியே செல்வோர் யார்? தஞ்சை, புதுக்கோட்டை, அரியலூர், பெரம்பலூர், திருவாரூர் எனச் சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் உழைக்கச் செல்லும் இளைஞர்கள். மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கடல் கடக்கும் தாய்மார்கள். நிலத்தை அடகு வைத்து முதன்முறை வானூர்தி ஏறுகின்றவனுக்கு அந்த வரிசையே ஒரு தேர்வு. கச்சையை அவிழ், காலணியைக் கழற்று, கையை உயர்த்து, திரும்பு என்னும் ஏவல்கள் அறியாத மொழியிலோ வெறுங் கைச்சைகையிலோ வரும்போது அவன் என்ன செய்வான்? திகைப்பான். ஆய்பவன் கண்ணுக்கு அத் திகைப்பு எப்படித் தெரியும்? குற்றமுள்ள நெஞ்சின் குறுகுறுப்பாகத் தெரியும்.

இதுவே இச் சிக்கலின் உயிர்நிலை. மொழி புரியாமையால் வரும் திகைப்பும் குற்றத்தால் வரும் திகைப்பும் முகத்தில் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே, மொழி அறியாத காவலன் குற்றமற்றவனை ஐயுறுவான். அதே நேரத்தில், நான்கு மொழி நாவிற்கொண்ட உண்மைக் குற்றவாளியை எளிதில் விட்டுவிடுவான். மக்கள் மொழி அறியாத காவல் உரிமைக்கு மட்டுமன்று, காவலுக்கே கேடு. ஓர் ஊரின் பேச்சை அறிந்தவனுக்கே அவ்வூர்ப் பேச்சில் எது இயல்பு, எது பிறழ்வு என்பது புலப்படும்.

மற்றொன்றும் எண்ணுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட நீர்மம் கூடாது என்பது, 2006இல் இலண்டனில் நீர்ம வெடிமருந்துச் சூழ்ச்சி ஒன்று வெளிப்பட்டபின் உலகெங்கும் பரவிய விதி. கொப்பரைத் தேங்காயில் எண்ணெய்ப்பசை மிகுதி. தானே சூடேறித் தீப்பற்றும் இயல்புடையது. அதனால் அதற்கும் தடை. இக் கரணியங்களை ஒரு மணித்துளியில் தமிழில் சொல்லிவிடலாம். சொன்னால், நல்லெண்ணெய்ப் புட்டிலைப் பறிகொடுத்த தாய், 'அப்படியா, தெரியாமற் போயிற்றே' என்று தானே எடுத்து வைத்துவிடுவாள். சொல்லாமல் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் எறியும்போது, விதி ஒன்றே, செயலும் ஒன்றே, ஆனால் முன்னது காவல், பின்னது பறிப்பு.

நாடறிந்த நிகழ்ச்சிகள்

இவை வெறுங் கற்பனை அல்ல. 2020 ஆகத்து 9 அன்று சென்னை வானூர்தி நிலையத்தில், தமக்கு இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று கேட்ட நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி அவர்களைப் பார்த்து, 'நீங்கள் இந்தியரா?' என்று காவற்படைப் பெண் அலுவலர் ஒருவர் கேட்டதாக அவரே வெளிப்படுத்தினார். எந்த ஒரு மொழியையும் வற்புறுத்துவது தம் கொள்கையன்று என்று படை அறிவித்தது, உசாவலுக்கும் ஆணையிட்டது. 2023 திசம்பரில் கோவா வானூர்தி நிலையத்தில், இந்தி அறியாத தமிழ்ப்பெண் பொறியாளர் ஒருவரிடம், இந்தி நாட்டின் தேசியமொழி, அதைக் கற்றுக்கொள் என்று கூறப்பட்டதாகச் செய்தி வந்தது. தமிழ்நாட்டு முதலமைச்சர் அதைக் கண்டித்தார்.

தேசத்தின் அவையில் அமரும் ஒருவர்க்கே இந்நிலையென்றால், பெயரறியா உழைப்பாளியின் நிலையை யார் எழுதி வைப்பார்? அவனிடம் செய்தித்தாளும் இல்லை. முறையிட நேரமும் இல்லை. ஊர்தி புறப்பட இன்னும் அரைமணி என்னும் அச்சமே அவன் வாயைக் கட்டிவிடுகிறது.

அறிவும் பொறுப்பும் உடைய அவையினராகிய நீங்கள் இங்கு ஒன்றை மறத்தலாகாது. அங்கே நிற்கும் காவற்படையினர் நம் பகைவர் அல்லர். அவர்களும் ஏதோ ஓர் ஊரின் ஏழை வீட்டுப் பிள்ளைகளே. இரண்டாயிரம் கல் தொலைவிலிருந்து, நம் மொழியில் ஒரு சொல்லும் கற்பிக்கப்படாமல், இங்குக் கொணர்ந்து நிறுத்தப்பட்டவர்கள். அவர்களுக்கும் இது துன்பமே. தவறு வாயிலில் நிற்பவனிடம் இல்லை. அவனை மொழியற்றவனாய் அனுப்பி வைத்தவனிடம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தி தேசியமொழி என்று அரசமைப்புச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. அதன் 343ஆம் பிரிவு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்கிறது, அவ்வளவே. தேசியமொழியென அறிவித்த ஆணை ஏதும் இல்லையென்று 2010இல் குசராத்து உயர்முறைமன்றமே கூறியது. 1976இல் நடுவணரசு இயற்றிய ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாக ஏனைய இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்றே தொடங்குகின்றன. 1965இல் நம் மாணவர் சிந்திய குருதியின் தடம் அவ் விலக்கில் இருக்கிறது.

இன்னும் பெரிய செய்தி ஒன்றுண்டு. 1962இல் உச்ச முறைமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மராட்டிய மாநிலத்தில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட அரிகிசன் என்பவர்க்குத் தடுப்புக்கான கரணியங்கள் ஆங்கிலத்தில் தரப்பட்டன. எனக்கு ஆங்கிலம் தெரியாது, இந்தியில் தருக என்று அவர் கேட்டார். அரசு மறுத்தது. தளைப்பட்டவனுக்குப் புரியும் மொழியில் கரணியத்தைச் சொல்லாதது, சொல்லாமைக்கே ஒப்பாகும் என்னும் கருத்துப்பட முறைமன்றம் தீர்ப்பளித்து அவரை விடுவித்தது. இந்தி பேசுவோர் ஒருவர்க்கு அவர்தம் மொழியால் கிடைத்த விடுதலை அது. அதை நாம் வாழ்த்தி வரவேற்கிறோம். அதே அளவுகோலைத் தமிழனுக்கும் நீட்டுங்கள் என்கிறோம். ஆங்கிலம் அறியாத இந்திக்காரர்க்கு ஒரு முறை, இந்தி அறியாத தமிழர்க்கு வேறொரு முறை என்பது எந்நாட்டு அறம்?

1978இல் மேனகா காந்தி அவர்களின் கடவுச்சீட்டு பறிக்கப்பட்ட வழக்கில், வெளிநாடு செல்லும் உரிமை தனிமாந்த விடுதலையின் பகுதி என்றும், அதை மறுக்கும் நடைமுறை நேர்மையானதாக இருத்தல் வேண்டும் என்றும் அதே மன்றம் கூறியது. 2017 ஆகத்து 24 அன்று ஒன்பது முறைவர் கொண்ட ஆயம், தனிமறைவும் அடிப்படை உரிமையே என்றது. அதில் அரசு கைவைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும். தக்க நோக்கம் இருக்க வேண்டும். நோக்கத்துக்கு மிஞ்சாத அளவு இருக்க வேண்டும். காவலுக்கும் உரிமைக்கும் இடைப்பட்ட அளவுகோல் இம் மூன்றே. வள்ளுவப் பெருந்தகை ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர்தாம். அதற்கு முன்பே வெருவந்த செய்யாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்துவிட்டார் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

வாயில் வலையாகும்போது

வானூர்தி நிலையத்தின் காவல் எல்லை மீறினால் என்னாகும் என்பதற்கும் தமிழர் வாழ்விலேயே சான்று உண்டு. 2002 சூலை 11 அன்று அமெரிக்காவிலிருந்து திரும்பிய வைகோ அவர்கள், சென்னை வானூர்தி நிலையத்திலேயே பொடாச் சட்டத்தின்கீழ்ச் சிறைப்பிடிக்கப்பட்டார். அவர் பையில் வெடிமருந்தா இருந்தது? இல்லை. திருமங்கலத்தில் பேசிய பேச்சே குற்றம். 19 மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தார். பின்னர் 2004இல் அச் சட்டமே நீக்கப்பட்டது. இழந்த மாதங்களை நீக்குவார் யார்?

2010 ஏப்பிரல் 16 இரவு மலேசியாவிலிருந்து சென்னைக்கு மருத்துவம் பெற வந்தார் எண்பது அகவை மூதாட்டி பார்வதி அம்மையார். முன்பு திருச்சிராப்பள்ளிப் பகுதியில் வாழ்ந்தவர். ஆறு மாத நுழைவிசைவு கையில் இருந்தது. யாருடைய தாய் என்பதைத் தவிர அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. நோயுற்று நடக்கவும் இயலாத அவரை மண்ணில் கால்வைக்க விடாமல் வந்த ஊர்தியிலேயே திருப்பி அனுப்பினர். பிறகு கட்டுப்பாடுகளோடு இசைவு தருவதாகச் சொன்னார்கள். அவரோ ஈழம் திரும்பினார். 2011 பிப்பிரவரி 20 அன்று வல்வெட்டித்துறையில் உயிர் நீத்தார். அந்த இரவில் எந்த வானூர்திக்கு என்ன காவல் கிடைத்தது? அவரை மறுத்ததால் எந்தப் பயணியின் உயிர் காக்கப்பட்டது? உறையூரில் இளந்தத்தனுக்கு ஒரு கோவூர்கிழார் இருந்தார். மீனம்பாக்கத்தில் அம் மூதாட்டிக்கு ஒருவரும் இல்லை.

முடியாததா?

'நாட்டின் காவலுக்குப் பொதுவிதி வேண்டும். ஊருக்கு ஊர் வளைக்க முடியாது' என்பர் சிலர். சீக்கிய உடன்பிறப்புகள் உள்நாட்டு வானூர்திகளில் கிருபாண் அணிந்து செல்ல விதியே இடம் தருகிறது. அலகு 15.24 செண்டிமீட்டர், மொத்தம் 22.86 செண்டிமீட்டர் என அளவும் வகுத்திருக்கிறது. அவர்தம் நம்பிக்கையை மதித்துக் கூர்வாளுக்கே இடம் தந்த விதி, யாரையும் வெட்டாத தமிழ்ச்சொல்லுக்கு இடம் தர இயலாதா?

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சான்றுண்டு. நடுவண் காவற்படைகளுக்கு ஆள் எடுக்கும் தேர்வு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே நடந்து வந்தது. தமிழ்நாடு எதிர்த்துக் குரல் கொடுத்தது. 2023 ஏப்பிரலில் நடுவணரசு இசைந்தது. 2024இல் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளிலும் அத் தேர்வு நடந்தது. வானூர்தி நிலைய அறிவிப்புகள் முதலில் அவ்வட்டார மொழியிலும் பின்னரே இந்தி, ஆங்கிலத்திலும் ஒலிக்க வேண்டும் என்று 2018 திசம்பரில் ஆணை பிறந்தது. ஒலிபெருக்கிக்குத் தமிழ் வந்துவிட்டது. ஆய்வுமேடைக்கு மட்டும் ஏன் வரலாகாது?

ஆகவே நம் வேண்டுகைகள் இவை. தமிழ்நாட்டு வானூர்தி நிலையங்களில் ஒவ்வோர் ஆய்வு வரிசையிலும் தமிழறிந்த காவலர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். பிறர்க்குப் பணியேற்கும் முன் தமிழ்ப் பயிற்சி தருதல் வேண்டும். எதைக் கழற்ற வேண்டும், எது கூடாது, ஏன் கூடாது என்பனவற்றைத் தமிழில் பெரிதாய் எழுதி வைத்தல் வேண்டும். பறிக்கப்படும் பொருளுக்குக் கரணியம் குறித்த தமிழ்ச் சீட்டுத் தருதல் வேண்டும். பெயரையும் தாடியையும் முக்காட்டையும் தோலின் நிறத்தையும் பாராமல் அனைவர்க்கும் ஒரே அளவில் ஆய்வு நடத்தல் வேண்டும். ஒருவர் பயணத்தைத் தடுப்பதாயின் எழுத்தாலான ஆணையும், அவர்க்குப் புரியும் மொழியில் கரணியமும், காலத்தோடு முறையிட வழியும் இருத்தல் வேண்டும். இன்று முகத்தையே கடவுச்சீட்டாக்கும் 'டிசியாத்திரா' என்னும் ஏற்பாடு வந்திருக்கிறது. 2022 திசம்பரில் தொடங்கிய அதனை நடத்துவது அரசுத்துறை அன்று. தனியார் நிலையங்கள் பெரும்பங்கு கொண்ட ஓர் அமைப்பு. விரும்பினோர்க்கு மட்டுமே என்கின்றனர். விருப்பத்தைக் கேட்பதாயின், கேட்கப்படுபவனின் மொழியில் கேட்க வேண்டும். புரியாமல் தலையசைப்பது விருப்பமாகாது.

நம் கடமை

பிறர் கடமையைச் சொன்ன நான் நம் கடமையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆய்வுக்கு மறுக்காதீர்கள், அது உங்கள் உயிருக்கும் உடன் வருவோர் உயிருக்கும் காப்பு. வரிசையில் பூசல் விளைக்காதீர்கள். ஆனால் உரிய மதிப்போடு, உரத்த தெளிவோடு, தமிழில் கேளுங்கள். ஆங்கிலம் அறிந்தவர்கள் தம் ஆங்கிலத்தால் தப்பித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதனால்தான் தமிழுக்குத் தேவையே இல்லையென்று மேலிடம் எண்ணுகிறது. ஆங்கிலம் அறிந்தவரே! உமக்கு முன்னால் திகைத்து நிற்கும் மூதாட்டிக்காக நீர் தமிழில் கேளும். அவளுக்கு இடைநின்று பேசும் கோவூர்கிழாராக நீர் ஆகும். இழிவு நேர்ந்தால் நாளும் நேரமும் குறித்து, தமிழிலேயே எழுதி, நிலைய இயக்குநருக்கும் காவற்படைக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்க்கும் விடுங்கள். ஒரு மடல் குப்பைக்குப் போகும்; நூறு மடல் கோப்புக்குப் போகும்; ஆயிரம் மடல் ஆணையாகத் திரும்பி வரும்.

நம் இளைஞர்களுக்கு ஒரு சொல். தேர்வு தமிழில் வந்துவிட்டது. எழுதுங்கள், அப் படையில் சேருங்கள். மீனம்பாக்கத்திலும் திருச்சியிலும் மட்டுமன்று, தில்லியிலும் செய்ப்பூரிலும் காவலுக்கு நில்லுங்கள். அங்கே இந்தி பேசும் ஓர் ஏழை உழவன் திகைத்து நின்றால், அவன் மொழியில் இரண்டு சொல் கற்று அவனிடம் பேசுங்கள். தமிழன் கேட்பது தனக்கு மட்டுமான சலுகையன்று. எம்மொழியானுக்கும் அவன் மண்ணில் உரிய அறம் என்பதை அவர்கள் அன்று உணர்வார்கள்.

உயிரையும் காக்க வேண்டும். மானத்தையும் காக்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கேட்பவன் காவலன் அல்லன். திருவரங்க வாயிலில் இயல்பாய் நடப்பது, அதன் கோபுரச் சாயலைச் சூடி நிற்கும் வானூர்தி நிலைய வாயிலிலும் நடக்கும் நாளை நாம் உருவாக்குவோம்.

வாயில்தோறும் தமிழ் ஒலிக்க! வாழ்க தமிழ்! வெல்க தமிழர் உரிமை!